அக்கா கேட்கச் சொன்ன கேள்விகள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவன் திடீரென்று ஏன் கடிதம் எழுதுகிறான் என்று உனக்குப் பதறும். பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொன்னால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய். அதோடு எங்கள் வீட்டில் குளியலறைக்குள் நின்று கிசுகிசுத்தாலும் என் மனைவி காதில் விழுந்துவிடும். அவளுக்கு இது தெரியக் கூடாது. அதனால்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கட்டிடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மடியில் வைத்து எழுதுகிறேன் என்று அர்த்தம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மார்பு. ஓர் ஆணுக்கு இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருப்பது உனக்குத் தெரியும். ஒரே வீட்டில் வளர்ந்தவள். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ ஒருநாளும் கேட்கவில்லை என்பதற்காகவே உன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இப்போது என்ன வந்தது என்றால், கம்பெனியில் புதிய பாதுகாப்புப் பட்டை கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது விழாமல் இருக்க உடம்பு முழுக்கக் கட்டிக்கொள்வது. முன்பெல்லாம் இடுப்போடு போயிற்று. இது தோள், தொடை, மார்பு என்று எல்லாவற்றையும் இழுத்துக் கட்டுகிறது. மார்புப் பட்டையை இறுக்கினால் அதற்கு மேலும் கீழும் எப்படி இருக்கும் என்று எழுதவே கை கூசுகிறது. எங்களோடு ஒருவன் இருக்கிறான், வாய் ஓயவே ஓயாது, அதனால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். முதல் நாளே ஆரம்பித்துவிட்டான். "இவருக்கு பெல்ட் பத்தாதுப்பா, லேடீஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் அக்கா. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு பட்டையை மட்டும் இறுக்காமல் சும்மா மாட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் கடைகள் இருக்கும் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கதவு சிக்கிக்கொண்டதென்று போனேன். ஐந்தாம் மாடியில் அழகு சிகிச்சை மையம். சுவரில் ஒரு ஆணின் படம், தட்டையான மார்போடு. அல்ட்ராசவுண்ட் மூலம் கொழுப்பைக் கரைத்து உறிஞ்சி எடுப்பார்களாம். கத்தி இல்லை, வலி இல்லை, காலையில் வந்தால் மாலையில் வீடு. கதவைச் சரிசெய்துவிட்டுக் கருவிப் பையோடு அப்படியே உள்ளே போய் விசாரித்தேன். கவுன்ட்டர் பெண் ரொம்பக் கனிவாகப் பேசினாள். மாதக் கடைசியில் தேதி வாங்கிவிட்டேன். வீட்டில் வெளியூர் ட்ரெயினிங் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சரி என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

உன் வாலு


பிப்ரவரி 14

என் அருமை வாலு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் நின்றபடியே படித்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

முதலில் இதற்குப் பதில் சொல். பட்டையைத் தளர்த்திவிட்டுக் குழிக்குள் இறங்குகிறாயா? உனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, அதையும் கழற்றி மோட்டார் அறையில் வைத்துவிட்டாயா? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நாளையிலிருந்து இறுக்கிக் கட்டு. அறுவை சிகிச்சையைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இனி மற்றது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உன் உடம்பு, உன் வேதனை. ஆனால் நான் வேலை பார்ப்பது மயக்கம் தெளியும் அறையில். எல்லோரும் ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்த படத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பின்னால் வருவதை நான் பார்க்கிறேன். போன வருஷம் ஒரு பெண்ணை எங்களிடம் கொண்டுவந்தார்கள். எங்கேயோ ஒரு சின்ன இடத்தில் இதே சிகிச்சையை வயிற்றுக்குச் செய்திருந்தார்கள். தோல் உள்ளிருந்தே வெந்து ஓரிடம் கறுத்துப் போயிருந்தது. அந்தக் கருவி கெட்டது என்று நான் சொல்லவில்லை, எங்கள் ஆஸ்பத்திரியிலும் அதை வைத்துத்தான் செய்கிறார்கள். மெல்லிய உலோகக் கம்பி; அதன் முனை நம் காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிர்ந்து கொழுப்பை இளக்கும். இளகியதைக் குழாயால் உறிஞ்சுவார்கள். அதிர்கிற முனையில் சூடு இருக்கும். பழகிய கை அதை ஒரே இடத்தில் நிறுத்தாது, நகர்த்திக்கொண்டே இருக்கும். பழகாத கை நிறுத்திவிடும். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

அதனால் அந்த ஐந்தாம் மாடிக்கு இன்னொரு தடவை போ. இந்தத் தடவை கவுன்ட்டரில் பேசாதே, செய்யப்போகிற டாக்டரையே பார். அவர் எதில் படித்தவர், இதே கருவியால், அதுவும் ஆண்களின் மார்பில், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேள். வெட்கப்படாதே, நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். முதலில் உள்ளே ஏராளமாக உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள், மரத்துப்போகும் மருந்து கலந்து. அந்த மருந்து அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். அதைக் கவனிக்க மயக்க மருந்து டாக்டர் ஒருவர் கடைசிவரை கூடவே இருப்பாரா? ஏதாவது ஒன்று என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், எப்படிக் கொண்டுபோவார்கள்? இதையெல்லாம் கேள். உன் மார்பைக் கையால் தொட்டுப் பார்த்தார்களா, ரத்தம் எடுத்தார்களா என்று எனக்கு எழுது. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், அவளிடம் பொய் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

நான் அக்காவுக்குக் கடிதம் போட்டேன். பதில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறது.

கோபத்தில் மூன்று நாள் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். இத்தனை வருஷம் மூடி வைத்ததைத் திறந்து காட்டினால், நீ வெந்துபோன தோலைக் காட்டிப் பயமுறுத்துகிறாய். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு வரி எழுதினாயா? ஒரே ஒரு வரி?

இருந்தாலும் போனேன். நீ சொல்லி நான் எதைத்தான் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்றதற்கு, "நிறைய பேருக்குப் பண்ணியிருக்கோம் சார்" என்றார். ஆண்களுக்கு? "எல்லாம் ஒரே ப்ரொசீஜர்தான் சார்." மயக்க மருந்து டாக்டர்? "தேவைப்பட்டா கூப்பிடுவோம்." தொட்டுப் பார்க்கவில்லை. சட்டையோடு நிற்கவைத்து முன்னாலும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான். ரத்தம் ஆபரேஷன் அன்று காலையில் எடுத்துக்கொள்ளலாமாம்.

உனக்காகக் கேட்கிறேன், எனக்காக இல்லை என்கிற வீம்போடுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஒன்று என்றால் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். "ஆம்புலன்ஸ் கீழயே வந்துடும் சார், கவலைப்படாதீங்க" என்றார்.

சரி என்று எழுந்து வந்து லிஃப்டில் ஏறினேன். அக்கா, அந்த லிஃப்டை நான்தான் பராமரிக்கிறேன். அந்தப் பெட்டியின் நீள அகலம் எனக்கு மனப்பாடம். ஆறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கலாம். ஒரு ஸ்ட்ரெச்சர் நுழையாது. குறுக்கே வைத்தாலும் நுழையாது, சாய்த்து வைத்தாலும் நுழையாது. படிக்கட்டு ஒவ்வொரு மாடியிலும் இரண்டு தடவை ஒடிந்து திரும்புகிறது. கீழே ஆம்புலன்ஸ் வரும், சரி. அதுவரைக்கும் என்னை எப்படிக் கொண்டுபோவார்கள்? நினைவில்லாத ஒருவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கீழே போகிற பொத்தானை அழுத்துவார்களா?

முதலில் சிரிப்பு வந்தது. மூன்றாம் மாடி வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. தெருவில் இறங்கி நின்று போன் போட்டுத் தேதியை ரத்து செய்துவிட்டேன்.

ஆகவே நீ ஜெயித்துவிட்டாய். திருப்தியா? அந்த மார்பு அப்படியேதான் இருக்கிறது.

வாலு

பட்டையை இறுக்கித்தான் கட்டுகிறேன்.


மார்ச் 4

என் வாலு,

இது ஆஸ்பத்திரியிலிருந்து இல்லை, அக்காவிடமிருந்து. வீட்டுக்கு வந்து, குளித்து, சீருடையைத் துவைக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்ட ஒரு வரி: நீ அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாய் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. கேன்டீனில் எல்லோர் முன்னாலும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அதை எழுதியிருக்க வேண்டும். பயம் வந்தால் எனக்கு நர்ஸ் வேஷம்தான் கை கொடுக்கிறது. தினமும் எத்தனையோ பேர் என் கண் முன்னால் மயக்கத்திலிருந்து விழிக்கிறார்கள். அந்தக் கட்டிலில் நீ படுத்திருந்து, பக்கத்தில் நான் இல்லாமல், நீ பொய் சொன்னதால் அவளும் இல்லாமல், யாருமே இல்லாமல் கண் விழிப்பதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், எல்லாக் கேள்வியும் ஒன்றாகக் கொட்டிவிட்டது.

அந்த லிஃப்ட் விஷயத்தை எங்கள் மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னேன். சிரிக்கவே இல்லை அவர். உன் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் அவரோடு படித்த ஒரு சர்ஜன் இருக்கிறாராம், பெண். இந்த மாதிரி மார்புக்கு வைத்தியம் செய்வதில் கைராசிக்காரர் என்று சொன்னார். அவர் விவரத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

அவரிடம் எதையும் மறைக்காதே. நீ என்ன மாத்திரை சாப்பிட்டாலும் சொல். தலைவலி மாத்திரையிலிருந்து ஜிம்மில் கொடுக்கிற பவுடர் வரைக்கும். சில மாத்திரைகள் ரத்தத்தை இளக்கிவிடும், சில மாத்திரைகள் மார்பையே பெரிதாக்கும். மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று நீ ஊதுவதும் எனக்குத் தெரியும். அதையும் சொல். புகைப்பவர்களுக்குக் காயம் சீக்கிரம் ஆறாது.

இது எடையைக் குறைக்கிற வைத்தியம் இல்லை என்பதையும் மனதில் வை. உருவத்தைத் திருத்துவது மட்டும்தான். உன் தொப்பைக்கு நீதான் பொறுப்பு.

அவளிடம் எப்போது சொல்லப்போகிறாய்?

உன்
அக்கா


மார்ச் 27

அக்கா,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி.

அந்த சர்ஜனைப் பார்த்தேன். உன்னை மாதிரியே பேசுகிறார், பாதி பயம் அங்கேயே போய்விட்டது. சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பட்டனைக் கழற்ற அத்தனை நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தார்.

மாத்திரை எல்லாம் கேட்டார். முடி கொட்டாமல் இருக்க இரண்டு வருஷமாக ஒரு மாத்திரை போடுகிறேன். உனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. "அதை இன்னைக்கே நிறுத்துங்க. அது சில பேருக்கு மார்பைக் கூட்டும். சின்ன வயசுலேர்ந்து இருந்ததை இது இன்னும் கொஞ்சம் வளர்த்திருக்கலாம்" என்றார். முடியா மார்பா என்று கடவுள் என்னிடம் கேட்கிறார் அக்கா.

கையால் அழுத்திப் பார்த்தார். இது வெறும் கொழுப்பு இல்லையாம், நார் நாராகக் கெட்டியாக இருக்கிறதாம். சாதாரண உறிஞ்சு குழாய் இதற்குள் போக முரண்டு பிடிக்கும், அதனால்தான் அல்ட்ராசவுண்ட் கம்பி இங்கே உதவும். ஆனால் காம்புக்குப் பின்னால் சுரப்பித் திசு என்று ஒன்று இருக்கும். அதைக் கம்பி கரைக்காது, சின்னதாகக் கீறித்தான் எடுக்க வேண்டும். அந்த ஐந்தாம் மாடியில் இதை யாரும் சொல்லவில்லை.

அப்புறம் இடது பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. மறுபடி தொட்டார். மறுபடியும்.

"இங்க ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. பெரும்பாலும் சாதாரண விஷயமாத்தான் இருக்கும். ஆனா ஸ்கேன் பண்ணி, ஊசி வச்சு கொஞ்சம் எடுத்துப் பார்க்காம நான் கருவியைக் கையில தொட மாட்டேன்."

ஆண்களுக்கும் வருமா என்று கேட்டேன். "அபூர்வம். ஆனா வரும்" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அவள் கண்ணாடிக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாளெல்லாம் ஊராரின் கண்ணைச் சோதித்துவிட்டு வருகிறவள். என் முகத்தைப் பார்த்ததுமே கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மார்பு, ரேடியோ, ஐந்தாம் மாடி, மாத்திரை, கட்டி.

முடித்ததும், "அப்ப அந்த ட்ரெயினிங்?" என்றாள்.

"பொய்."

"நான் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுப் பையில வச்சேன். குளிருமோன்னு ஸ்வெட்டர் கூட வச்சேன். அப்பவும் உங்களுக்கு வாய் வரலையா?"

"எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து லைட்ட அணைச்சுட்டுத்தான் சட்டையைக் கழட்டுறீங்க. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? அவரா சொல்லட்டும்னு இருந்தேன். அதுல எனக்குக் கோவம் இல்ல. என்கிட்ட சொல்லாம போய்ப் படுத்துக்கலாம்னு நினைச்சீங்களே, அதுதான்..."

அப்புறம் அழுதாள். நானும். இன்று காலை என்னோடு ஸ்கேனுக்கு வந்தாள். ஊசி வைத்து எடுத்துவிட்டார்கள். முடிவு வரப் பல நாள் ஆகுமாம்.

பயமாக இருக்கிறது அக்கா.

வாலு


ஏப்ரல் 3

கண்ணா,

இன்றே தபாலில் சேர்க்க வேண்டும், அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன். நேற்று போனில் நாம் இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், கவனித்தாயா?

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இதை நர்ஸாகவும் சொல்கிறேன். ஒருவேளை ஏதாவது இருந்தாலும், தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கையில் நீ மாட்டியிருக்கிறாய். பார்க்காமலே அந்தச் சூட்டுக் கம்பியை உள்ளே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் கூட இருக்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவளிடம் சொல். அதே சமயம் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது, அதைச் சொல்லாதே.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா!

சுரப்பித் திசு. வெறும் சுரப்பித் திசுதான். வேறு ஒன்றும் இல்லை. ரத்தத்தில் ஹார்மோன், கல்லீரல், தைராய்டு எல்லாம் சரி.

போனில் சொன்னதையே எழுதுகிறேன், ஏனென்றால் போனில் நீ அழுததில் பாதி உனக்குக் கேட்டிருக்காது.

மாத்திரையை நிறுத்திச் சில மாதம் பார்க்கலாம், தானாகக் குறைகிறதா என்று. குறையாவிட்டால் செய்யலாம், ஒன்றும் அவசரம் இல்லை என்றார் டாக்டர். அவசரம் இல்லை என்று யாராவது சொல்வது எவ்வளவு இனிமையாக இருக்கிறது!

சிகரெட்டை விட்டுவிட்டேன். அவள் என் பாக்கெட்டை மோந்து பார்க்கிறாள்.

வாலு


ஆகஸ்ட் 20

வாலு,

உன் ஆபரேஷனுக்கு வர லீவு கிடைக்கவில்லை. மேட்ரனிடம் கெஞ்சினேன், மல்லுக்கு நின்றேன், கடைசியில் அழுதும் பார்த்தேன். ஆள் பற்றாக்குறை, வருஷக் கடைசியில் பார்க்கலாம் என்றுவிட்டார். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மயக்கம் தெளிகிறவரை நான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் தம்பிக்கு நிற்க எனக்கு விதி இல்லை. இதை எழுதிவிட்டேன், இனி புலம்ப மாட்டேன்.

மாதங்கள் பொறுத்தும் குறையவில்லை, நீயும் நன்றாக யோசித்து, அவளோடும் பேசி முடிவெடுத்திருக்கிறாய். இப்போது எனக்குப் பயம் இல்லை. பயம் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரிப் பயம்.

விழித்ததும் தட்டையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. வீங்கி, கன்னிப்போய், முன்னைவிட மோசமாகத் தெரியும். இறுக்கமான உள்பனியன் ஒன்று போடுவார்கள். அரிக்கும், புழுங்கும், கழற்றி எறியத் தோன்றும். குளிக்கும்போது தவிர கழற்றாதே, வாரக்கணக்கில் போட வேண்டியிருக்கும். அன்றைக்கே எழுந்து மெதுவாக நட; படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று உப்பினாலோ, உடனே டாக்டரைக் கூப்பிடு, அப்புறம் என்னைக் கூப்பிடு. தோல் சில இடத்தில் மரத்துக் கிடக்கும். பெரும்பாலும் திரும்பும், நாள் ஆகும். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் அமையும் என்றும் நினைக்காதே. உன் காதே இரண்டும் ஒரே மாதிரி இல்லை.

மயக்கம் தெளியும்போது எல்லோரும் ஏதாவது உளறுவார்கள். ஒரு ஜட்ஜ் என்னிடம் ஐஸ்கிரீம் கேட்டு அடம் பிடித்திருக்கிறார். நீ என்ன உளறினாய் என்று அவளைக் கேட்டு எனக்கு எழுது.

முதல் ராத்திரி அவள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறாள். தண்ணீரை ஸ்பூனால் கொடுக்கச் சொல். சரி, அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும் அவளுக்கு.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

போனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. உண்மையை எழுதுகிறேன்.

உளறலில் இருந்து ஆரம்பிக்கிறேன், நீ அதற்குத்தான் காத்திருப்பாய். கண் திறக்கும் முன்னாலேயே நான் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேனாம். நிறுத்தவே இல்லையாம். அங்கே இருந்த நர்ஸ், உன் வயதுதான் இருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுப்பா, இங்கதான் இருக்கேன்" என்றாராம். நான் உடனே அமைதியாகித் தூங்கிவிட்டேனாம். இதைச் சொல்லும்போது இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணியும் இப்படித்தான் யாருக்கோ பதில் சொல்லிட்டு இருப்பாங்க" என்றாள். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. ஆனால் நீ அங்கே இருந்தாய்.

இப்போது மற்றது. வீக்கம் என்றால் இப்படியா! நெஞ்சு முழுக்க மஞ்சளும் ஊதாவுமாக இருக்கிறது. அந்த பனியனுக்குள் என்னைத் திணிப்பதற்கு ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் இவளும் நானும் மல்யுத்தம் நடத்துகிறோம். முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பாடு என்று உட்கார்ந்துவிட்டேன். "அண்ணி சொன்னது காதுல விழலையா? கண்ணாடியை விட்டு வாங்க" என்று இவள் அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

இன்னொன்று. உன்னிடம் சொல்லவில்லை, கோபப்படாதே. போன வாரம் இடது பக்கம் திடீரென்று உப்பியது. தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி ஆடியது. நீ எழுதியிருந்ததால் அது என்னவென்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே நீர் கோத்திருக்கிறது, இந்த முறையில் இப்படி ஆவது உண்டு என்று டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்தார். வலிக்கவில்லை, அந்த இடம்தான் மரத்துக் கிடக்கிறதே. மறுபடி ஒரு தடவை சேர்ந்தது, மறுபடி எடுத்தார். இப்போது இல்லை.

டாக்டரைக் கூப்பிட்ட பிறகு உன்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தாய். முதல் பாதியைச் செய்துவிட்டேன்.

குழிக்குள் இறங்க இன்னும் அனுமதி இல்லை. ஆபீசில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கிறேன். எல்லோரும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு என்னிடம் கத்துகிறார்கள். நானும் பொறுமையாக, "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று சொல்கிறேன். உன் வேலை மாதிரியே இருக்கிறது.

வாலு


அக்டோபர் 1

வாலு,

இரண்டாவது பாதியை ஏன் செய்யவில்லை என்று திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அந்த "அக்கா, அக்கா"வை மறுபடி படித்தேன். திட்ட வரவில்லை.

அந்த நர்ஸுக்கு என் சார்பில் ஒரு நன்றி சொல்லிவிட்டு வா. உன்னைப் பார்த்தால் அவளுக்கு நினைவிருக்காது. எங்களுக்கு யாரையும் நினைவிருக்காது, அத்தனை பேர். ஆனாலும் சொல். எங்களைத் தேடி வந்து யாரும் சொல்வதில்லை.

வீக்கம் முழுக்க வடிய மாதங்கள் ஆகும். கண்ணாடியின் மேல் அந்தத் துண்டு அப்படியே கிடக்கட்டும்.

அக்கா


டிசம்பர் 6

அன்புள்ள அக்கா,

துண்டை எடுத்துவிட்டோம்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அந்தச் சுவர்ப் படத்தில் இருந்தவன் மாதிரி நான் ஆகவில்லை. இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறது. நீர் கோத்த இடம். காம்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மரத்திருக்கிறது. இரண்டு கோடுகள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் சட்டை போட்டால் சட்டை நேராக விழுகிறது அக்கா. சட்டை நேராக விழுவது ஒரு சந்தோஷமா என்று நீ கேட்கலாம். எனக்குச் சந்தோஷம்.

போன மாதம் பழைய வேலைக்குத் திரும்பினேன். சூப்பர்வைசர் ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்தார். மார்புப் பட்டையை அவர் இறுக்கியபோது வேறு எங்கோ பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

நேற்று உடை மாற்றும் அறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன், ரேடியோ உள்ளே வந்தான். இன்றைக்கு என்ன ஒலிபரப்போ என்று நினைத்தேன். அவன் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்து, "அண்ணே, நீங்க அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்கதானே? டாக்டர் பேரு சொல்ல முடியுமா?" என்றான்.

"யாருக்கு?"

குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். உள்ளே இரண்டு பனியன் போட்டிருந்தான். இந்தப் புழுக்கத்தில்!

கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, "டாக்டர் பேரு அப்புறம். முதல்ல சொல்லு, ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா? யாராவது கையால தொட்டுப் பார்த்தாங்களா? வீட்ல சொல்லியாச்சா?" என்று ஆரம்பித்தேன். நானே எனக்குப் பழக்கமான ஒரு குரலில் பேசிக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். ரேடியோ மௌனமானதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை அவனை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

லீவு உறுதியாகிவிட்டதா? இவள் உனக்காக அறையை ஒழித்து வைத்துவிட்டாள். நீ வரவில்லை என்றால் அந்த அறையில் அவளுடைய துணிகள் குடியேறிவிடும், அப்புறம் யாராலும் காலி செய்ய முடியாது.

வாலு


ஜனவரி 12

என் வாலு,

ரயில் கிளம்பி ஒரு ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். நேரில் இருந்த நாளெல்லாம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. உன்னைப் போலத்தான், எனக்கும் சில விஷயங்கள் வாயில் வருவதில்லை, பேனாவில்தான் வருகிறது.

அன்றைக்கு உன் வீட்டு மணியை அடித்தேன். நீ கதவைத் திறந்தாய். நான் பேசாமல் நின்றேன், நினைவிருக்கிறதா? "என்னக்கா, வீடு மாறி வந்துட்டியா?" என்று கேட்டாய். நான் பயணக் களைப்பு என்று சமாளித்தேன். களைப்பு இல்லை.

நீ என்னைவிடக் குள்ளம் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வளர ஆரம்பித்த வயதிலேயே தோளை முன்னால் வளைத்து, கழுத்தை உள்ளே இழுத்து, சட்டை நெஞ்சில் ஒட்டாதபடி நடக்கப் பழகிவிட்டாய். நான் அதை உன் நடை என்றே நினைத்தேன். நீ பிறந்ததே அப்படித்தான் என்கிற மாதிரி. உன் கல்யாணப் போட்டோவில்கூட அப்படித்தான் நிற்கிறாய்.

அன்றைக்குக் கதவைத் திறந்தவன் நிமிர்ந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க நான் தலையைத் தூக்க வேண்டியிருந்தது.

அன்று சமையலறையில் அவளிடம் ரகசியமாகச் சொன்னேன். "எனக்கும் இப்பத்தான் அண்ணி தெரிஞ்சுது" என்றாள். "மேல் அலமாரி டப்பாவை எல்லாம் இப்ப ஸ்டூல் இல்லாமலே எடுக்குறாரு. அவருக்கே தெரியல." இரண்டு பேரும் அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தோம். நீ உள்ளேயிருந்து என்ன என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றோம்.

இன்று பிளாட்பாரத்தில் விடைபெறும்போது நீ குனிந்துதான் என்னைக் கட்டிக்கொண்டாய். கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன். உன் நெஞ்சு என் தோளில் அழுந்தியது, நீ விலகவில்லை.

எதிர் சீட்டு அம்மா, "யாரு, அண்ணனா?" என்று கேட்டார்.

தம்பி என்றேன். நம்பவில்லை.

உன்
அக்கா